அகல் வட்டம்

சிங்காரத்தோப்பில் பதினோரு வீடு.
வீட்டுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்தேன்,
வாயின் உள்விளிம்பில் வாசலின் தடவி,
அடியில் பீரில் நனைத்த பன்.
"கரப்பானுக்கு பீரா? எங்க வீட்டுக்காரர் காதுல போட்டுடாதீங்க"
என்றாள் அஞ்சலாட்சி.
சாக்கடை மூடிக்குப் பக்கத்தில்
அவளே வைத்தாள், காலை இழுத்தபடி.

கெளுத்தி முள் ஏறிய கால்.
ஏறியது ஐப்பசியில்.
மெடிக்கல் கடையில் ரெண்டு கலர் மாத்திரை,
வலி விட்டதும் மீதியெல்லாம்
சீரக டப்பாவுக்குப் பக்கத்தில்.
மகனுக்குச் சளி பிடித்தபோது அதில் பாதி.
கார்த்திகை மழையில் சாக்கடை நிரம்பி
அவை அத்தனையும் சுவரேறி வந்த வாரம்
கால் மறுபடி வீங்கியது. வேறு கலர்.
மார்கழியில் எங்கள் ஆஸ்பத்திரி.

மறுநாள் எடுக்கப் போனேன்.
அவள் பாட்டிலில் ஏழு.
ஒன்று, அவரைவிதை மாதிரி முட்டைப்பை சுமந்து,
பன்னைத் தொடாமல்
மீசையை வளைத்து வாயில் விட்டுத்
துடைத்துக்கொண்டே இருந்தது.
இவ்வளவு சுத்தக்காரியை நான் பார்த்ததில்லை.

ஃப்ரிட்ஜில் வைத்தால் அசையாது.
ஸ்பிரிட்டில் முக்கி, உப்புநீரில் அலசி,
மேலழுக்குப் போனபின் வயிற்றைத் திறக்க வேண்டும்.
நூலளவு குடல்.
அதைத் தட்டில் தேய்த்து மூடிவிட்டு
புதுப்பாளையம் வந்து
சோறு பிசைந்து சாப்பிட முடிகிறது,
அதுதான் நான் வாங்கிய பயிற்சி.

நாலாம் நாள் தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன்.
பன்னிரண்டு மருந்துப் பொட்டு.
காதில்லாத கிருமிக்கு
மருந்து கேட்கிறது, கேட்கவில்லை என்கிறோம்.
கேட்டால் பொட்டைச் சுற்றி
நிலா கோட்டை கட்டின மாதிரி வட்டம் விழும்,
ஸ்கேல் வைத்து அளப்போம்.
அன்றைக்கு ஸ்கேலுக்கு வேலையில்லை.
பொட்டின் விளிம்புவரை வந்து
பாசியாய்ப் படிந்திருந்தது.
கடைசிப் பொட்டில் மட்டும்
நகத்தால் கீறின மாதிரி ஒரு வட்டம்.

பக்கத்தில் அஞ்சலாட்சியின் சீழ்த் தட்டு.
அதே பதினொன்று செவிடு.
அதே ஒற்றைக் கீறல்.
பூச்சி காலுக்குக் கொண்டுவந்ததா,
கட்டுத்துணியிலிருந்து பூச்சி எடுத்துப்போனதா,
ரெண்டையும் படிக்கவைத்தது
சீரக டப்பா பக்கத்து மாத்திரையா,
எங்கள் வார்டு கழுவிவிடும் தண்ணீரா.
ரிப்போர்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

போனில் படம் காட்டினேன்.
காட்டியிருக்கக்கூடாது.
விடியுமுன் துறைமுகத்தில் நின்று
இருபது வருஷம் மீன் ஏலம் எடுத்தவள்,
வானம் பார்க்கத் தெரிந்தவள்,
விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"அகல் வட்டம் பகல் மழைம்பாங்க.
இதுல வட்டமே கட்டலையே."
பிறகு ஓரத்துப் பொட்டைத் தொட்டு,
"இது?"

அது ஊசி.
எங்களிடம் ஸ்டாக் இல்லை,
பாண்டிச்சேரிக்கு எழுதித் தருவார்கள்.
"அப்ப தூறலாச்சும் இருக்கு"
என்று புடவையைக் கணுக்காலுக்கு இறக்கிவிட்டு
பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

ராத்திரி தண்ணீர் குடிக்க லைட்டைப் போட்டேன்.
ஸிங்க் ஓரத்தில் ஒன்று,
மீசை துடைத்துக்கொண்டு.
செருப்பைத் தேடுவதற்குள் போய்விட்டது.
என் வீட்டில் நான் பாட்டில் வைத்ததில்லை.
நோட்டில் பன்னிரண்டாவது வரி காலியாகத்தான் இருக்கிறது.
டம்ளரைக் கழுவினேன்.
குடிக்காமல்
இன்னொரு தரம் கழுவினேன்.