முன்னுக்குப் போங்கோ

விடிய நாலே முக்கால்.
கட்டிலின் கால்மாட்டை இரண்டு செங்கல்லில் உயர்த்தியிருக்கிறோம்.
தலை பள்ளத்தில், முகம் குப்புற.
உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குவித்து
முதுகில் தட்டுகிறேன்.
பக்கத்து வீட்டு ஜெயசோதி அக்கா
ஒருநாள் மதிலுக்கு மேலால் கேட்டா:
"என்ன பிள்ளை, வெள்ளணவே ரொட்டி தட்டுறாய்?"
"ஓமக்கா" என்றேன்.

சின்னனில் சயம் என்று சொல்லி
ஆறு மாதம் குளிசை கொடுத்தார்களாம்.
பிறகு ஆஸ்துமா. பிறகு
பிறந்ததிலிருந்தே சளிக்காரன்.
கொரோனாக் காலத்தில் காரைநகர் மினிபஸ்ஸில்
இவர் ஒருமுறை இருமினால்
மூன்று சீற் காலியாகும்.

நெஞ்சுப் படம் எடுத்த பெடியன்
திருப்பிப் பிடித்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டு
இன்னொன்று எடுத்தான்.
அதிலும் இதயம் வலப்பக்கம்.
ஏழு வருசமாய் இடப்பக்கம் தலைவைத்துப் படுத்து
சத்தமில்லாத மனுசன் என்று நினைத்திருந்தேன்.

டொக்டர் பேனையால் கீறிக் காட்டினார்.
மூச்சுக்குழாய் முழுக்க
கண்ணுக்குத் தெரியாத மயிர்கள்,
பொன்னாலைப் பாலத்தின் கீழ்ச் சாதாளைபோல.
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து சாய்ந்து
அழுக்கை மேலே தள்ளவேண்டும்.
இவருக்குச் சாதாளை இருக்கிறது,
அசைவு இல்லை.
பிறகு குரலைத் தாழ்த்தி
விந்தின் வாலும் அதே பின்னல்தான் என்றார்.
கண்ணாடித் துண்டில் அத்தனையும் உயிரோடு,
அத்தனையும் நின்ற இடத்தில்.

நாள் முழுக்க மிதிபலகையில் தொங்கி
"முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ" என்று
ஊரையே நகர்த்துகிற ஆள்.

வெறுவயிற்றில் நான் குடித்த கசாயம்,
வெள்ளிக்கிழமை விரதம்,
"ரூபனுக்கு வேறை பாத்திருக்கலாம்" என்று
எனக்குக் கேட்கும்படி மாமி குசினிக்குள் சொன்னது.
அறிக்கையைத் தகரப்பெட்டியில் பூட்டினேன்.
திறப்பு மூன்று கிழமை
இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.

போன ஞாயிறு அந்திரட்டிப் பந்தியில்
யாரோ என் மடியைப் பார்த்துப் பேச்செடுக்க
இவர் சோற்றுக் கையோடு எழும்பினார்.
"பிழை என்னிலை" என்று தொடங்கி
இருமி, இருமி,
கண்ணில் நீர் முட்ட
"இவவிலை இல்லை" என்று முடித்தார்.
பாயாசம் கொண்டுவந்தவன் வாளியோடு நின்றுவிட்டான்.
மாமி இலையை மடித்தா.

கொழும்பில் ஊசியால் ஒன்றைத் தெரிந்தெடுத்து
முட்டைக்குள் வைக்கலாமாம்.
சீட்டுக் காசைக் கணக்குப் பார்க்கிறோம்.
இப்போதைக்கு என் கை.
மேல்முதுகு, விலாவோரம், இன்னும் கொஞ்சம்.
"முன்னுக்குப் போங்கோ" என்கிறேன் சளிக்கு.
குப்புறக் கிடந்தபடி சிரிக்கிறார்,
சிரிப்பு இருமலாகிறது,
பேணிக்குள் விழுகிறது.
பச்சை. நேற்றைவிடக் கொஞ்சம் வெளிறல்.
மற்றப் பக்கம் திரும்புங்கோ,
ஐந்தரைக்கு முதல் பஸ்.