நாடா

மாதத்தின் முதல் நாள்.
கூய்செப் ஆற்றில் ஆறு இல்லை,
ஆறு போன தடம் கிடக்கிறது.
கழுதையை வண்டியிலிருந்து அவிழ்க்காமல்
ஆழ்குழாயின் இரும்பு மூடியைத் திறந்து
நாடாவை இறக்குகிறேன்.
அதன் முனையில் ஒரு சின்னக் கருவி.
தண்ணீரைத் தொட்டால் கூவும்.
வால்விஸ் பே அலுவலகத்தில் எஃப்ராயிம்
பேனாவும் கையுமாய் இருப்பான்.
அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு எண்.

விடியலில் கடலிலிருந்து பனிமூட்டம் வந்தது.
வண்டிக் கம்பி நனைந்தது, என் புருவம் நனைந்தது,
வண்டுகள் தலைகீழாய் நின்று குடித்தன.
மேட்டின் மேலிருந்த நாரா
எதையும் கண்டுகொள்ளவில்லை.
அது அண்ணாந்து பார்க்கிற ரகம் இல்லை.

இதைச் செடியென்று ஒத்துக்கொள்ள
வெளியூர்க்காரர்களுக்கு நேரம் பிடிக்கும்.
இலை எங்கே என்பார்கள்.
இலை வைத்தால் வெயில் வந்து கடன் கேட்கும்,
கொடுத்துக் கட்டுப்படியாகாது.
அதனால் தண்டே பச்சை. முள்ளும் பச்சை.
முள்ளிலும் உலை வைக்கிற குடும்பம்.

காற்று மணலைக் கொண்டுவந்து மூடும்.
ஒரு சாண் மூடினால்
ஒன்றரைச் சாண் எழும் இது.
நான் ஏறி நிற்கும் இந்த மேடு
மணலும் நாராவும் போட்ட
நூறு வருடச் சண்டை.

வடக்கே சரளை வெளியில் வெல்விட்சியா
பிறந்த புதிதில் உடுத்திய இரண்டே இலையை
இன்னும் மாற்றாமல் கிடக்கிறது,
கிழிந்து, நுனி கருகி, நாலாபக்கமும் புரண்டு.
அதன் பொறுமை எனக்குப் பிடிபடாது.
நாரா அப்படியில்லை.
கீழே தண்ணீர் இருக்கிறதென்ற தைரியத்தில்
மேலே தாராளமாய்ச் செலவழிக்கிறது.
கீழே இருக்கும்வரை.

பதினேழு மீட்டரில் கூவியிருக்க வேண்டும்,
போன மாதம் அங்கேதான் கூவியது.
பதினெட்டு.
கழுதை காதை ஆட்டியது.
பத்தொன்பது தாண்டும்போது கூவல்,
யாரோ தூக்கத்தில் முனகினாற்போல.

சாக்கேயுஸ் வீட்டு மேட்டில்
தென்புறக் கொடிகள் மஞ்சளாகியிருந்தன.
நாடாவுக்கு முன்பே அங்கே சேதி போயிருக்கிறது.
ஒரு காயைக் குச்சியால் குத்திப் பார்த்தேன்.
பழுத்துவிட்டதென்று அவசரப்பட்டுக் கடித்தேன்.
பழுக்கவில்லை.
உதடு எரிந்து, நாக்கு தடித்து,
அந்த வாயோடுதான் தொலைபேசியை எடுத்தேன்.

"டெக்லா, பத்தொன்பதா, ஒன்பதா?"
பத்தொன்பது என்றேன்.
"ஒன்பதுதானே?"
அவன் குரலில் ஒரு சின்னச் சந்தோஷம்.
மூன்றாம் முறை எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன்.
பேனா ஓடும் சத்தம் கேட்டது.
கொடிகள் மஞ்சளாவதையும் எழுதிக்கொள் என்றேன்.
அதற்குக் கட்டம் இல்லையாம்.

மூடியைத் திருகி மூடினேன்.
எச்சில் துப்பவும் யோசனையாக இருந்தது.
நரி எச்சமிட்ட இடத்தில்
விரலளவு ஒரு முளை,
இரண்டு வித்திலையோடு.
வேர் இந்நேரம் எத்தனை முழம் போயிருக்குமோ,
தோண்டிப் பார்க்கக் கூடாது.

நாடாவைத் துடைத்துச் சுற்றினேன்.
கடைசி ஒரு விரற்கடை மட்டும்
ஈரம்.