பதினாலாம் அறை, வெள்ளி

எந்த ஊர் என்று கேட்டேன்.
தானே என்றாள்.
நீதானே சொல்ல வேணும் என்றேன்.
வந்தாறுமூலை மகளிர் விடுதியில்
யாயேல் தள்கரோடு என் முதல் கதை அது.

ஒரு தவணைக்கு வந்தவள்,
வாவி நண்டின் ஓட்டை அளக்க.
அளப்பாள், தின்ன மாட்டாள்.
கல்லடியில் ஒரு தோணிக்காரர்
"சும்மா தாறன், கொண்டு போ புள்ள" என்றாராம்.
அகலத்தைக் குறித்துக்கொண்டு
நண்டைத் திருப்பிக் கொடுத்தாளாம்.
அவர் இன்னும் யோசிக்கிறாராம்.

யூதர் என்று அவள் சொன்ன அன்று
ஷிஃபானா தொழுகைப் பாயை மடித்தபடி நின்றுவிட்டாள்.
செய்தியில் மட்டும் கேட்ட சொல்
ஈரத் தலையோடு அறைக்குள் நிற்கிறது.
ரெண்டு கிழமை கதை இல்லை.
மறுகா ஒரு நாள் கன்ரீனில் யாயேல் கோழியைக் காட்டி
"இது எப்படி அறுத்தது?" என்று கேட்டாள்.
அதே கேள்வியை அப்போதுதான் கேட்டு முடித்த ஷிஃபானாவுக்குச்
சிரிப்பு வந்துவிட்டது.
இருவருக்கும் அன்று சோறும் பருப்பும்.
எதிரில் நான், கோழியோடு, கொஞ்சம் கூச்சத்தோடு.

வெள்ளி பின்னேரம் ஷிஃபானா ஏறாவூருக்கு பஸ் ஏறுவாள்.
நான் கோயிலுக்குப் போவது பரீட்சையைப் பொறுத்தது.
பொழுது சாயுமுன்னே யாயேல்
தேத்தண்ணிக் கிளாஸ் இரண்டில் பாதிக்குத் தண்ணீர்,
மேலே தேங்காயெண்ணெய், அதில் மிதக்கும் திரி.
கொளுத்திவிட்டுக் கண்களைப் பொத்திக்கொள்வாள்.
மெழுகுதிரிக்குத் தடை போட்ட வார்டன்
எட்டிப் பார்த்து "ஆ, விளக்கா" என்று போய்விட்டா.
அவவிடம் யாரும் பொய் சொல்லவில்லை.

அதன் பிறகு, சனி இரவு
வானத்தில் மூன்று வெள்ளி காணும் வரை
சுவிச்சைத் தொட மாட்டாள். பேனை மூடி திறக்காது.
கொங்கணக் கரையில் அவள் ஆட்கள் செக்காட்டினவர்களாம்.
சனியில் செக்கு நிற்குமாம்,
ஊரார் வைத்த பெயரே சனிக்கிழமை எண்ணெய்க்காரர்.
"சனிக்கிழமைதான் எங்கட ஆக்கள் எண்ணெய் எரிக்கிறது," என்றேன்.
"வெள்ளியே வாங்கி வைக்கச் சொல்லு," என்றாள்.

ஆவணியில் அவள் அப்பாவுக்கு ஒரு வருசம்.
அதற்கொரு செபம் உண்டு,
பத்துப் பேர் கூடினால்தான் சொல்லலாம்.
நான் விரல் மடித்தேன்:
நான், ஷிஃபானா, எட்டாம் அறை இமேஷா,
கணிதத்துறைச் செரின்...
"உங்களை எண்ண ஏலாது," என்றாள்,
என் முகத்தை நேரே பார்த்து.
எரிச்சல் வந்தது.
அன்றிரவு அவள் கொப்பியைப் புரட்டினேன்:
ஒரு நண்டைக்கூட அரை மில்லிமீற்றர்
கூட்டி எழுதியிருக்கவில்லை.

செபத்தைச் சொல்லவில்லை.
புதன்கிழமை அவலில் தேங்காய்ப்பூ, சீனி, ஏலக்காய், வாழைப்பழம்
பிசைந்து எல்லோர் கையிலும் வைத்தாள்.
"இது எங்கட கோயில் சாமான்," என்றேன்.
"எங்கட," என்றாள் அவளும்.
"ரெண்டு பேரும் பேசாமத் தின்னுங்க கா," என்றாள் ஷிஃபானா,
இரண்டாம் தரம் கை நீட்டியபடி.

அந்த வெள்ளி இரவு கரண்ட் போய் வந்தது.
இருட்டில் நான்தான் மின்விசிறியை நிறுத்தியிருந்தேன், பழக்கத்தில்.
யாயேல் சுவரோரம், தலையணை நனைய.
"போடட்டா?"
பதில் இல்லை.
போடு என்றால் அவள் முறை உடையும்,
வேணாம் என்றால் பொய்.
அவளுக்காக நான் போடுவதும் கூடாது என்று
முன்னமே சொல்லியிருந்தாள்.
வியர்வை என் கழுத்தில் இறங்கி
பாடக் கொப்பியில் விழும் வரை காத்திருந்தேன்.
பிறகு அலுமாரியிடம் சொன்னேன்:
"எனக்குப் புழுங்குது."

இறக்கை ஒரு தரம் முனகிச் சுற்றத் தொடங்கியது.
கிளாசில் திரி சாய்ந்தது.
இருவரும் ஒரே நேரத்தில்
எழும்பி இருந்தோம்.