மதகுப் பலகை நான்கு

திருப்பாலைக்குடி தாண்டி
கருவேலங்காட்டுக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர்.
ஏழு குளம், ஒரு கால்வாய், ஒரு மதகு.
மார்ச்சில் நான்தான் வந்து எழுதினேன்:
காற்றாடி பதினான்கு,
ஓடாத ஜெனரேட்டர் ஒன்று,
தகரக் கொட்டகை, தராசு, ஐஸ்பெட்டி,
மதகுப் பலகை நான்கு, அதில் ஒன்று புதிது.
மீன் என்று எதையும் எழுதவில்லை.
இறால் வெள்ளைப்புள்ளியில் செத்த பிறகு
தண்ணீருக்குள் என்ன இருக்கும் என்று
வங்கியும் கேட்கவில்லை.

போன வாடையில் பலகை உடைந்து
கடல் தன்பாட்டுக்கு உள்ளே வந்திருக்கிறது.
திரும்பும்போது
கொஞ்சம் கொடுவாவையும் மோரான் கெண்டையையும்
மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

இன்று ஞாயிறு. அடையாள அட்டை வீட்டில்.
கரையில் குந்தி பெட்டியைத் திறக்கிறேன்.
ஆன்லைனில் வாங்கிய பதினோரு பொய்மீன்கள்.
வெயிலுக்கு வெள்ளித் தகடு.
விடியலுக்கு வாய் குழிந்த பாப்பர்.
வயிற்றுக்குள் குண்டுமணி உருள்கிற ஒன்று,
எதற்கென்று அட்டையைத் தொலைத்துவிட்டேன்.
வாலை மட்டும் ஆட்டும் ரப்பர் மடவை,
தொட்டால் விரலெல்லாம் சோம்பு வாசம்.
சிவப்புத் தலைக்காரனுக்கு மட்டும்
முந்நூற்று எழுபது ரூபாய்.

எதிர்க்கரையில் சகுபர் சாதிக்.
என் கோப்பில் கடன்தாரர்.
அவர் கையிலும் தூண்டில் இருந்தது,
நல்லவேளை,
பேசுவதற்கு ஏதோ கிடைத்தது.

"தகட்ட உள்ள வைங்க சார்.
வாரம் பூரா கச்சான் அடிச்சு
தண்ணி டீயாட்டம் கெடக்கு, இதுல வெள்ளி எங்க மின்ன?
கலங்கல்ல கொடுவா பாத்து அடிக்காது,
கேட்டு அடிக்கும்.
குண்டுமணி போடுங்க. இல்லன்னா கறுப்பு.
கறுப்பு இருக்கா?"

இல்லை.
எனக்குப் பிடித்த நிறங்களாகப் பார்த்து
வாங்கியிருந்தேன்.

கால்வாய்க்கு மேலே பறந்து வந்து விழுந்தது ஒன்று.
கறுப்பு. ஒரு கண் போயிருந்தது.
உப்புத்தாளில் தேய்த்தாற்போல் விலாவெல்லாம் சொரசொரப்பு,
எத்தனை வாய்க்குள் போய்வந்ததோ.

"மோரானுக்கு அது ஆகாது.
அதுக்கு வாய் எலும்பு, முள்ளு ஏறாது.
சுண்டுவிரல் அளவு, ஒத்த முள்ளு,
மூக்குக்கு முன்னால போகணும்.
பின்னால போனா சீந்தாது.
அந்தா பாருங்க, மூச்சு வாங்குது."

பார்த்தேன்.
காற்றாடி பதினான்கும் நின்றுபோன குளத்தில்
ஒரு மோரான் உருண்டு மேலே வந்து
ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு
கீழே போனது.

முதல் வீச்சு கருவேலத்தில்.
இரண்டாவதும்.
அங்கே ஏற்கெனவே யாருடைய சம்பளமோ
பச்சையும் மஞ்சளுமாய்த் தொங்கிக்கொண்டிருந்தது.
மூன்றாவது மதகோரம்.
இரண்டு சுற்று, ஒரு நிறுத்தம்.
'டப்' என்று
தண்ணீருக்குள் யாரோ கதவைச் சாத்தினார்கள்.
தங்கூசி இழுத்துக்கொண்டு கிளம்ப,
பாதிக் கால்வாயில் அது முழு உடம்பாய் எழுந்து
செவுள் விரித்துத் தலையை உதறியது.
கறுப்பு திரும்பி வந்து
என் காலடிச் சேற்றில் விழுந்தது.

"பொட்டை," என்றார் சகுபர்.
"கொடுவா சின்னதுல எல்லாம் ஆணு.
பெருத்தாத்தான் பொட்டையாகும்.
ஆனா முட்டை விட
கடவாய்க்குப் போகணும் அதுக."

பிறகு நூலைச் சுற்றிக்கொண்டே கேட்டார்:
"ஏலம் எந்தத் தேதி சார்?"
பத்தொன்பது. விளம்பரம் போயாயிற்று.
"முள்ளு நிமிந்துபோச்சு" என்றேன்.
"அடுத்த நம்பர் போடுங்க.
ஆடி அமாவாசைக்குத் தண்ணி நல்லா ஏறும்.
அந்தப் புதுப் பலகை
உங்க லிஸ்ட்ல இருக்குதா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
பார்க்க என்ன இருக்கிறது,
இரண்டாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி,
என் கையெழுத்து.

வெயில் ஏறிவிட்டது.
கறுப்பைக் கழற்றிக் கொடுக்கலாம் என்று
முடிச்சைப் பிடித்தேன்.
நனைந்து இறுகியிருந்தது.
பல்லால் கடிக்கக் குனிந்தபோது
நடுக்குளத்தில் மறுபடியும்
ஒரு வாய்.