உள்ளூர்த் தயாரிப்பு

ஐம்பது நிமிடம் குந்தியிருந்தால் பத்து நிமிடம் நிழல்.
அம்பகாமத்துக் காட்டோரம், ஆறாம் நிரை.
என் பாதை ஒரு மீற்றர் அகலம்.
இந்த நாட்டில் எனக்கென்று அளந்து தந்த காணி இவ்வளவுதான்
என்று நிர்மலகாந்திக்குப் பகிடி விட்டேன்.
முகக்கவசத்துக்குள் சிரித்தால் கண்ணாடி புகார் பிடிக்கும்,
பேசாமல் கிண்டு என்றாள்.

வந்தது பெரிய படை.
அவர்கள் புதைத்தவை வரிசையாய்க் கிடக்கும்,
ஒரே பச்சை, ஒரே எடை, அடியில் தொடர் இலக்கம்.
அவற்றுக்கு வரைபடம் உண்டு,
கந்தோரில், பிளாஸ்ரிக் உறைக்குள்.
எங்கள் பக்கத்து வரைபடம்
மூன்று பேரின் தலைக்குள் இருந்தது.
அந்தத் தலைகள் எங்கே என்று
எந்தக் கந்தோரிலும் பதிவில்லை.

ஒன்பதே காலுக்குக் கருவி சிணுங்கியது.
பக்கவாட்டில் சுரண்டினேன்.
பாலை வேர், ஈர மண், பிறகு
பலகை.
பெட்டி. ஒரு மூலை கறையானுக்குப் போயிருந்தது.
மூன்று ஆணி நேராய், ஒன்று வளைந்து:
அவசரம், அல்லது பழகாத கை.

தூரிகையால் தட்டத் தட்ட மூடியில் எழுத்து.
கவராயத்தால் கீறியது.
'துரைலிங்கம் சேர் ஒரு முசு'
மிச்சம் வாள் அறுத்த இடத்தோடு போய்விட்டது.

டு.
எட்டாம் வகுப்பு, யன்னலோரம், மூன்றாம் வாங்கு.
கீறியவள் யோகமலர்.
கொப்பியை மேலே வைத்து
ஒரு வருடம் அதை மறைத்தவள் நான்.

வாங்குகளை உழவு இயந்திரத்தில் ஏற்றியபோது
ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.
அதிபரே கயிறு பிடித்தார்.
நாங்கள் நிலத்தில் இருந்து பின்னக் கணக்குச் செய்தோம்,
மடுப் பக்கம் வானம் இடிந்துகொண்டிருந்தது.
கொடுக்க ஏதோ ஒன்று இருந்ததே என்று
சந்தோசம்கூட, பொய் சொல்லேன்.
இரும்பில்லாத ஊர் மரத்தைக் கொடுத்தது.
மரம் முடிந்தபின் என்ன கேட்டு வந்தார்கள் என்பதை
இந்தப் பத்து நிமிட நிழலில் சொல்லமாட்டேன்.

ஊரைக் காக்க வைத்த பெட்டி.
ஊர் போனபின் ஊருக்காகவே காத்திருந்தது
பதினொரு வருடம்.
ஆமி, மாடு, விறகுக்குப் போன செபமாலை
எல்லாம் அதற்கு ஒரே பாரம்.
செபமாலைக்கு இப்போது இடது கால் இல்லை.
அதுவும் இதே வேலியின் பெட்டிதான்.

இருதயநாதன் படிவத்தோடு வந்தார்.
வகை: மிதிவெடி. ஆழம்: ஒன்பது சென்ரிமீற்றர்.
உற்பத்தி என்ற கட்டத்தில்
மற்றவற்றுக்கு ஏதாவது நாட்டின் பெயர் வரும்.
இதற்கு 'உள்ளூர்' என்று எழுதினார்,
எழுத்துப் பிழையில்லாமல்.

மூடியை மட்டும் எடுக்கலாமா?
சட்டம் தெரியும்தானே, பிள்ளை.

இரண்டு மணிக்கு வெடிக்க வைத்தார்கள்.
காட்டுக்கோழி ஒன்று நெடுநேரம் கத்தியது.
பஸ்ஸில் வரும்போது
நிர்மலகாந்தி என் தோளில் நித்திரை.
நான் கணக்குச் செய்துகொண்டு வந்தேன்.
வாங்கு ஒன்று ஆறடி.
கவனமாய் அறுத்தால் ஐந்து பெட்டி.
எங்கள் வகுப்பில் பதினான்கு வாங்கு.
இன்றைக்கு ஒன்று.