வண்டி வராத நிறம்

அயோவா. நவம்பர்.
விதை அறையின் ஹீட்டர் இருமுகிறது,
சூடு மட்டும் வரவில்லை.
மேசையில் எண்பத்திரண்டாம் வரிசை மக்காச்சோளக் கதிர்கள்.
கருஞ்சிவப்பாக இருந்திருக்க வேண்டியவை
புழங்கித் தேய்ந்த ஒரு சென்ட் காசாக மங்கிக் கிடக்கின்றன.

"நோயா?" என்றேன் மெர்லா ஹவ்லிசெக்கிடம், சேர்ந்த புதிதில்.
"இல்லை. சரக்கு தயார். லாரி வரவில்லை."

எனக்குப் புரிகிற பாஷை.
பத்தொன்பது வருடம் கூட்டுறவுத் தானியக் கிடங்கில்
எடைமேடைக்காரனாக இருந்தவன் நான்.
பாலம் அடித்துப்போன வருடம்
மலை மலையாகத் தெருவிலேயே கொட்டினோம்.
பின்னாலேயே மழை.
அந்த வாடை இன்னும் என் கோட்டில் இருக்கிறது.

மணிக்குள்ளும் அதே கதைதான்.
தோலுக்கடியில், ஒரே ஒரு செல் கனமுள்ள அடுக்கில்,
நொதிகள் தோளோடு தோள் நின்று
ஃபினைல் அலனினை வாங்கிக் கைமாற்றி
நைட்ரஜனைக் கழற்றி
மூன்று மலோனைல் துண்டுகளை ஒட்டி
வளையம் மூடி
ஒரு சர்க்கரையையும் கட்டி அனுப்புகின்றன.
ஃபிளவனாய்டு.
வேலையில் சொல்ல ஒரு குறை இல்லை.
பிறகுதான் ஒரு சுமைதூக்கி வேண்டும்,
வாக்குவோல் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்க.
அங்கே புளிப்பு நீர். அதில் விழுந்தால்தான்
சிவப்பு சிவப்பாகும்.

சுமைதூக்கிக்கான மரபணுவின் நட்டநடுவே
வேறொரு டி.என்.ஏ. துண்டு
சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது.
செய்தது செய்த இடத்திலேயே கிடந்து
பழுப்பேறுகிறது.

என் வேலை புள்ளி எண்ணுவது.
அந்தத் துண்டு சிலசமயம் எழுந்து போய்விடும்,
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.
எழுந்த செல்லில் வண்டி ஓடும்;
அதன் பிள்ளைகளிலும், அவற்றின் பிள்ளைகளிலும்.
வெண்கல மணியில் ஊதா மச்சம்.
மச்சம் பெரிதென்றால் முன்னமே கிளம்பிவிட்டது,
ஊசிமுனையென்றால் கடைசி நேரத்தில்.

கடுகு இனத்தில் சின்னச் செடி ஒன்று இருக்கிறதாம்.
வேருக்குச் செய்யத் தெரியாமல் போனால்
இலை செய்து கீழே அனுப்புமாம், செல் செல்லாக.
சாண்ட்விச்சை மென்றுகொண்டே மெர்லா சொன்னாள்.
நான் எதுவும் சொல்லவில்லை.
கிடங்கு மூடிய பிறகு
என் தம்பி டெக்சஸிலிருந்து அனுப்பிய காசோலைகள்
அவளுக்குத் தெரியாது.

நான்கரை மணிக்கே இருட்டு.
தண்டவாளம் பிடுங்கிய பாதையில் பனி நிரம்புகிறது.
கடைசிக் கதிர், கடைசி வரிக்கு முந்தைய மணி:
லென்ஸுக்கடியில் ஏதோ ஒன்று.
மெர்லா குனிந்து பார்த்து "தூசி" என்றாள்.

ஊதினேன்.
போகவில்லை.
ஈரத்துணியால் துடைத்தேன்.

ஒன்று, என்று எழுதினேன்.