தொழில் வகை: மற்றவை

படிவத்தின் முதல் கேள்வியே
தொழில் வகையைத் தேர்ந்தெடு என்றது.
பட்டியலில் உணவகம் இருந்தது, பல் மருத்துவம் இருந்தது,
குதிரைப் பண்ணைகூட இருந்தது.
சலவை இல்லை.
'மற்றவை'யை அழுத்தினேன்.
கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்
என்னை 'ஹோட்டல் சப்ளை' என்று அறிமுகம் செய்வார்கள்.
அதைவிட இது மரியாதை.

பதினோரு ஹோட்டல், இரண்டு முதியோர் இல்லம்,
போன மாதத்திலிருந்து ஒரு மருத்துவமனையின் பாதி.
எட்மன்டன் படுத்தெழுந்த விரிப்புகள்
இரவுக்கு நாலாயிரத்துச் சொச்சம்
எங்கள் உருளைகளுக்குள் போய் மடிந்து வருகின்றன.
அத்தனைக்கும் கணக்கு
ஒரே ஒரு எக்செல் கோப்பு. பதினான்கு நிறங்கள்.
மஞ்சள் என்றால் கறை. பச்சை என்றால் காசு வந்தாயிற்று.
ஊதா என்னவென்று
அதைச் செய்துவைத்த பிரசாந்தினிக்குத்தான் தெரியும்,
அவள் கல்கரிக்குப் போய் இரண்டு வருடம்.
அழைத்துக் கேட்டேன்.
"ஊதாவா? அந்தக் கிழமை எனக்கு
ஊதா பிடிச்சிருந்தது அக்கா."

டிசம்பரில் ஒரு ஹோட்டல்
முந்நூறு தலையணை உறை குறைகிறது என்றது.
எங்கள் கோப்பு இருபத்திரண்டு கூடுதல் என்றது.
நடுவில் நான், காசோலைப் புத்தகத்தோடு.

மூன்று மென்பொருள் பார்த்தோம்.

முதலாவதின் திரை முழுக்க வெண்மை.
கோடுகள் ஏறின, ஏறின, இறங்கவே இல்லை.
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்ப
நான் ஆளில்லை, வெளுப்பதே என் பிழைப்பு.
"ஈரத் துணியின் எடை வேறு, காய்ந்ததின் எடை வேறு,
இரண்டையும் வாங்கிக்கொள்ளுமா?"
அடுத்த பதிப்பில், என்றார் கழுத்துப்பட்டிக்காரர்.

இரண்டாவது மலிவு.
ஆளுக்கு மாதம் ஒன்பது டொலர்.
கமலகரன் அப்போதே பேனாவைத் திறந்துவிட்டார்.
ஒப்பந்தத்தின் பதினேழாம் பக்கத்தில் இருந்தது:
நாம் விலகினால், நம் தரவையே நமக்குத் தர
ஆறாயிரம்.
உள்ளே வர லொறி போகும் வாசல்,
வெளியே போக ஊசிக்காது.
அந்தப் பக்கத்தை அவர் தேநீருக்கு அடியில் வைத்தேன்.
குடித்து முடிக்கும்வரை இருவரும் பேசவில்லை.

மூன்றாவது அழகில்லை.
சாம்பல் நிறப் பெட்டிகள், தடித்த எழுத்து.
காட்ட வந்த ஒக்சானா
"தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்றாள், இரண்டு தரம்.
மறுநாள் சொல்லவும் செய்தாள்.

இரவு உட்கார்ந்து புள்ளி போட்டேன்.
எழுபத்தொன்று, எழுபது, எழுபத்தொன்று.
கூட்டலைச் சரிபார்த்தேன். சரிதான்.

காலை ஐந்து மணி, பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
சரக்கேற்றும் மேடையில் ரொடெல் நின்றான்.
மூன்று டேப்லெட்டையும் அவன் கையில் கொடுத்து
மூட்டையைப் பதியச் சொன்னேன்.
கையுறை விரலால் குத்தினான்.
முதல் திரை கண்டுகொள்ளவில்லை.
இரண்டாவதில் வேறு ஹோட்டல் திறந்தது.
மூன்றாவதின் சாம்பல் பெட்டி
'சரி' என்று பச்சையாயிற்று.

"இவ்வளவு நாளும் எப்படி எழுதினாய்?" என்றேன்.
மூச்சு வெள்ளையாகப் புகைந்தது.
"வண்டிக்குள் ஏறி, சூடு பிடித்ததும்,
ஞாபகத்திலிருந்து."

நான்கு குளிர்காலம்.
கோப்பைத் திட்டினேன், பிரசாந்தினியைத் திட்டினேன்,
மடிக்கும் பெண்களைக் கூட்டி வைத்து
துவைத்துக் காயப்போட்டேன்.
மேடைக்கு ஒருநாளும் வந்து நின்றதில்லை.

கையெழுத்துப் போட்டாயிற்று.
பழைய கணக்குகள் ஏறிக்கொண்டிருக்கின்றன.
ஒக்சானா நேற்று எழுதினாள்:
ஊதா வரிசைகள் இருநூற்றுப் பன்னிரண்டு,
எந்தப் பிரிவில் போட?
குறிப்புப் பெட்டியில் நானே தமிழில் எழுதினேன்:
அந்தக் கிழமை ஊதா பிடித்திருந்தது.
சேமித்ததும் எழுத்தெல்லாம்
கேள்விக்குறிகளாய் நின்றன, வரிசை கலையாமல்.

அதையும் அவளிடம் கேட்க வேண்டும்.